சாட்சி சொல்லும் புரதம்: ஆய்வக எதிர்ப்பொருளின் வரலாறு

மனிதனின் மரபணுத் தொகுதியில் ஏறத்தாழ 20,000 மரபணுக்கள் புரதங்களுக்கான செய்முறையைத் தாங்கியிருக்கின்றன. ஈரலின் சிறு துணுக்கை எடுத்து அரைத்தால் அதில் ஆயிரக்கணக்கான புரதங்கள் கலந்து கிடக்கும். அந்தக் கலவையில் ஒரு குறிப்பிட்ட புரதம் இருக்கிறதா, எவ்வளவு இருக்கிறது, செல்லின் எந்தப் பகுதியில் இருக்கிறது என்று அறிய ஆய்வகங்கள் பெரிதும் நம்பியிருக்கும் கருவி எதிர்ப்பொருள். அதுவும் ஒரு புரதமே. அயல்பொருள் ஒன்று உடலுக்குள் நுழையும்போது பி செல்களிலிருந்து உருவாகும் செல்கள் அதைச் சுரக்கின்றன. வடிவம் கவட்டைக்குச்சி போன்றது. கவட்டையின் இரு நுனிகளும் இலக்குப் பொருளின் மேற்பரப்பில் உள்ள ஒரு சிறு பகுதியில் பொருந்திப் பிடித்துக்கொள்ளும். அந்தப் பகுதிக்கு எபிடோப் என்று பெயர். இலக்குப் பொருளை ஆன்டிஜென் என்பர்.

உடலைக் காக்கப் பிறந்த இந்தப் புரதத்தை ஆய்வுமேசைக்குக் கொண்டுவந்து, மற்றொரு புரதத்தைப் பற்றிச் சாட்சி சொல்ல வைத்த கதைக்கு நூற்றுமுப்பது ஆண்டு வயது. அந்தச் சாட்சியை எந்த அளவுக்கு நம்பலாம் என்ற கேள்வியும் தொடக்கம் முதலே கூட வந்திருக்கிறது.

சீரத்தின் காலம்

1890 டிசம்பரில் பெர்லினில் ராபர்ட் காகின் ஆய்வு நிறுவனத்தில் பணியாற்றிய எமில் ஃபான் பேரிங்கும் ஜப்பானியரான ஷிபாசபுரோ கிடாசாடோவும் ஒரு கட்டுரை வெளியிட்டனர். தொண்டை அடைப்பான், இரணஜன்னி ஆகிய நோய்களின் நச்சுக்குப் பழக்கப்பட்ட விலங்கின் இரத்தத்திலிருந்து, உறைந்த பகுதியை நீக்கியபின் மிஞ்சும் தெளிந்த நீரான சீரத்தை எடுத்து வேறொரு விலங்குக்குச் செலுத்தினால் அந்த விலங்கும் நச்சிலிருந்து தப்பியது. சீரத்துக்குள் ஏதோ ஒன்று நச்சை முறிக்கிறது என்பது உறுதியாயிற்று. அந்த ஏதோ ஒன்றுக்கு ‘எதிர்ப்பொருள்’ என்ற பொருள் தரும் ஜெர்மன் சொல்லை 1891இல் பால் எர்லிக் பயன்படுத்தினார். அதன் வேதியியல் இயல்பு அப்போது யாருக்கும் தெரியாது. பூட்டும் சாவியும் போல அது இலக்கோடு பொருந்துகிறது என்பது எர்லிக்கின் விளக்கம்.

மருந்தாக வந்த சீரம் விரைவிலேயே சோதனைப் பொருளாகவும் ஆனது. 1897இல் வியன்னாவில் ரூடால்ஃப் கிராவுஸ், காலரா, டைஃபாய்டு கிருமிகளை வளர்த்து வடிகட்டிய தெளிந்த நீரில் அந்தந்த நோய்க்கான சீரத்தைக் கலந்தபோது கலங்கலான வீழ்படிவு தோன்றுவதைக் கண்டார். ஒரு சீரம் தனக்குரிய பொருளைக் கண்டால் மட்டுமே கலங்கியது. கண்ணால் பார்த்தே முடிவு சொல்ல ஒரு வழி கிடைத்துவிட்டது.

ரூகன் தீவின் இரத்தக்கறை

இந்த வழியை மனிதப் புரதத்தை அடையாளம் காணப் பயன்படுத்தியவர் ஜெர்மனியின் கிரைஃப்ஸ்வால்ட் பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த பால் ஊலன்ஹூத். முதலில் கோழிமுட்டையின் வெள்ளைக்கருவை முயல்களுக்குச் செலுத்தி, அவற்றின் சீரம் கோழிமுட்டைப் புரதத்தைக் கண்டு கலங்குவதைக் காட்டினார். பிறகு முட்டைக்குப் பதிலாக மனித இரத்தத்தைச் செலுத்தினார். கிடைத்த முயல் சீரம் மனித இரத்தத்தில் கலங்கியது. மாடு, ஆடு, குதிரை முதலியவற்றின் இரத்தத்தில் தெளிவாகவே நின்றது. உலர்ந்த கறையை உப்புநீரில் கரைத்தெடுத்தாலும் சோதனை பலித்தது. 1901 தொடக்கத்தில் இது அச்சேறியது. அதே நேரத்தில் பெர்லினில் ஆகுஸ்ட் ஃபான் வாசர்மனும் ஆல்பர்ட் ஷூட்சேயும் இதே முடிவுக்கு வந்திருந்தனர்.

சில மாதங்களிலேயே அதற்கு வேலை வந்தது. 1901 ஜூலையில் பால்டிக் கடலிலுள்ள ரூகன் தீவில் இரண்டு சிறுவர்கள் கொலையுண்டனர். சந்தேகத்தின்பேரில் பிடிபட்ட லுட்விக் டெஸ்னோ என்ற தச்சர், தன் உடையில் இருந்த கறைகள் மரத்துக்குப் பூசும் சாயம் என்றும் மாட்டு இரத்தம் என்றும் சொன்னார். அதுவரை பழைய கறை ஒன்று இரத்தமா இல்லையா என்று கூறலாமே தவிர, யாருடைய இரத்தம் என்று கூற வழியில்லை. உடைகள் ஊலன்ஹூத்திடம் வந்தன. கறை ஒவ்வொன்றையும் கரைத்துச் சோதனைக் குழாய்களில் ஊற்றி, மனித இரத்தத்துக்கும் விலங்குகளின் இரத்தத்துக்கும் எதிரான முயல் சீரங்களைச் சேர்த்துப் பார்த்தார். பல கறைகள் மனித இரத்தம் என்றும் சில ஆட்டு இரத்தம் என்றும் தெரிந்தது. கொலைகளுக்குச் சில வாரங்கள் முன்பு அதே தீவில் மேய்ச்சல் நிலத்தில் ஆடுகள் கொடூரமாக வெட்டப்பட்டிருந்தன. நீதிமன்றம் டெஸ்னோவைக் குற்றவாளி எனத் தீர்ப்பளித்தது.

இந்தச் சோதனையின் வலிமை, கலங்கிய குழாயைப் போலவே கலங்காமல் நின்ற குழாய்களிலும் இருந்தது. மற்ற விலங்குகளின் இரத்தத்தில் சீரம் சும்மா இருந்தால்தான் மனித இரத்தத்தில் அது கலங்கியதற்குப் பொருள் உண்டு. இதன் எல்லையும் சீக்கிரம் தெரிந்தது. கேம்பிரிட்ஜில் ஜார்ஜ் நட்டால் பலவகை விலங்குகளின் இரத்தத்தில் 16,000 சோதனைகள் செய்து 1904இல் நூலாக வெளியிட்டார். மனித இரத்தத்துக்கு எதிரான சீரம் வாலில்லாக் குரங்குகளின் இரத்தத்திலும் வலுவாகக் கலங்கியது. மற்றக் குரங்குகளில் குறைவாகக் கலங்கியது. நட்டாலுக்கு அது உயிரினங்களின் உறவுமுறையைக் காட்டும் அளவுகோல். அடையாளம் காண முனைபவருக்கோ அது ஓர் எச்சரிக்கை: உருவில் ஒத்த புரதங்களை எதிர்ப்பொருள் ஒன்றாகவே எடுத்துக்கொள்ளும். பின்னாளில் இந்தக் குறை குறுக்குவினை என்ற பெயரில் ஒவ்வோர் ஆய்வகத்தையும் தொடர்ந்து வந்தது.

ஒளியும் கதிரியக்கமும்

அடுத்த நாற்பது ஆண்டுகளில் எதிர்ப்பொருளின் இயல்பு தெளிவாயிற்று. கார்ல் லாண்ட்ஸ்டெய்னர் செயற்கை வேதிப்பொருள்களைப் புரதங்களோடு இணைத்து, எதிர்ப்பொருளின் தேர்வுத்திறன் எவ்வளவு நுட்பமானது என்று காட்டினார். மைக்கேல் ஹைடல்பெர்கரும் அவருடைய குழுவினரும் வீழ்படிவை எடைபோட்டு அளந்து, எதிர்ப்பொருள் ஒரு புரதமே என்று நிறுவினர். 1939இல் ஆர்னே டிசெலியஸும் எல்வின் கபாட்டும் சீரத்தை மின்புலத்தில் பிரித்து, எதிர்ப்பொருள் காமா குளோபுலின் பிரிவில் இருப்பதைக் கண்டனர்.

எனினும் கலங்கல் சோதனைக்குப் புரதம் நிறையத் தேவைப்பட்டது. அது திசுவில் எங்கே இருக்கிறது என்பதையும் அந்தச் சோதனை காட்டாது. இந்தக் குறையை நீக்க முனைந்தவர் ஹார்வர்டைச் சேர்ந்த ஆல்பர்ட் கூன்ஸ். 1939 கோடையில் பெர்லினில் தங்கியிருந்தபோது, எதிர்ப்பொருளோடு ஒளிரும் வேதிப்பொருள் ஒன்றை ஒட்டவைத்தால் அது போய் அமரும் இடத்தை நுண்ணோக்கியில் பார்த்துவிடலாமே என்ற எண்ணம் அவருக்குத் தோன்றியது. 1941இல் வெளிவந்த முதல் முயற்சியில் ஒட்டப்பட்ட பொருள் நீலமாக ஒளிர்ந்தது. ஆனால் புற ஊதா ஒளியில் திசுவும் தன்னியல்பாகவே நீலமாக ஒளிரும். எது எதிர்ப்பொருளின் ஒளி, எது திசுவின் ஒளி என்று பிரித்தறிவது கடினமாயிற்று. பச்சையாக ஒளிரும் ஃபுளோரெசீனுக்கு மாறியபின் சிக்கல் தீர்ந்தது. இன்றும் செல்லுக்குள் புரதத்தைப் பச்சைப் புள்ளிகளாகக் காட்டும் படங்கள் இந்த வழியில் வந்தவையே.

அளவிடும் வழி நியூயார்க்கில் பிறந்தது. பிராங்க்ஸ் பகுதியிலிருந்த முன்னாள் படைவீரர் மருத்துவமனையில் ரோசலின் யாலோவும் சாலமன் பெர்சனும், கதிரியக்க அயோடின் ஏற்றிய இன்சுலின் உடலில் எவ்வளவு நேரம் தங்குகிறது என்று பார்த்துக்கொண்டிருந்தனர். ஏற்கெனவே இன்சுலின் ஊசி போட்டுக்கொண்டவர்களிடம் அது நீண்ட நேரம் தங்கியது. மாடு, பன்றி ஆகியவற்றிலிருந்து எடுத்த இன்சுலினுக்கு எதிராக அவர்கள் உடலில் எதிர்ப்பொருள் உருவாகி, இன்சுலினைப் பிடித்துவைத்திருந்ததே காரணம். இன்சுலின் போன்ற சிறிய புரதம் எதிர்ப்பொருளைத் தூண்டும் என்று அன்று பலர் ஏற்கவில்லை. ஓர் ஆய்விதழ் கட்டுரையை மறுத்தது. 1956இல் மற்றோர் ஆய்விதழ் அதை வெளியிட்டபோது தலைப்பிலிருந்து ‘எதிர்ப்பொருள்’ என்ற சொல்லை நீக்கவேண்டியிருந்தது. மறுப்புக் கடிதம் ஒன்றை யாலோ பத்திரமாக வைத்திருந்து, 1977இல் நோபல் பரிசு பெற்றபோது ஆற்றிய உரையில் அதைக் காட்டினார். பெர்சன் 1972இலேயே காலமாகியிருந்தார்.

அந்தக் கண்டுபிடிப்பிலிருந்தே கதிரியக்க எதிர்ப்பொருள் அளவீடு வந்தது. எதிர்ப்பொருளோடு, கதிரியக்கம் ஏற்றிய இன்சுலினை ஓர் அளவு கலந்து, நோயாளியின் சீரத்தையும் சேர்ப்பர். சீரத்தில் இன்சுலின் அதிகமாக இருந்தால் அது போட்டியிட்டுக் கதிரியக்க இன்சுலினை வெளியே தள்ளும். தள்ளப்பட்ட அளவைக் கொண்டு சீரத்தில் உள்ள இன்சுலினைக் கணக்கிடலாம். வேறெந்த முறைக்கும் எட்டாத நுண்ணிய அளவுகள் இதில் சிக்கின. இருவரும் இதற்குக் காப்புரிமை பெறவில்லை. 1971இல் ஸ்டாக்ஹோம் பல்கலைக்கழகத்தின் ஏவா எங்வாலும் பீட்டர் பெர்ல்மனும் கதிரியக்கத்தின் இடத்தில் நிறம் மாற்றும் நொதியை வைத்தனர். எலைசா என்று இன்று மருத்துவமனைகளெங்கும் வழங்கும் சோதனை அதுவே. நெதர்லாந்திலும் அதே காலத்தில் இதையொத்த முறை உருவானது.

சாகாத செல்

இத்தனை முறைகளுக்கும் அடிப்படையான எதிர்ப்பொருள் விலங்கின் சீரத்திலிருந்தே வந்தது. ஒரு முயலின் சீரத்தில் ஒரே இலக்கின் வெவ்வேறு பகுதிகளைப் பிடிக்கும் பலவகை எதிர்ப்பொருள்கள் கலந்திருக்கும். அந்த முயல் வாழ்நாளில் சந்தித்த மற்றக் கிருமிகளுக்கான எதிர்ப்பொருள்களும் கூடவே வரும். முயல் இறந்தால் அந்தச் சீரமும் அதோடு முடிந்தது. அடுத்த முயல் வேறொரு கலவையைத் தரும். ஆய்வு வேதிப்பொருள் என்றால் இன்று வாங்கியதும் பத்தாண்டு கழித்து வாங்கியதும் ஒன்றாக இருக்கவேண்டும். சீரத்துக்கு அந்த உத்தரவாதம் இல்லை.

தீர்வு 1975 ஆகஸ்டில் கேம்பிரிட்ஜிலிருந்து வந்தது. அர்ஜென்டினாவில் பிறந்த சீசர் மில்ஸ்டீனும் ஜெர்மானிய இளைஞரான ஜார்ஜஸ் கோலரும் மருத்துவ ஆராய்ச்சிக் கழகத்தின் மூலக்கூறு உயிரியல் ஆய்வகத்தில் இரண்டு செல்களை ஒன்றாக இணைத்தனர். ஒன்று, ஆட்டின் சிவப்பணுக்கள் செலுத்தப்பட்ட எலியின் மண்ணீரலில் இருந்து எடுத்தது. எதிர்ப்பொருளைச் சுரக்கும், ஆனால் வளர்ப்புத் தட்டில் சில நாள்களில் இறந்துவிடும். மற்றது மயலோமா என்ற புற்றுசெல். முடிவில்லாமல் பெருகும், ஆனால் குறிப்பிட்ட ஒரு நொதி அதில் இல்லாததால் சிறப்பு ஊடகம் ஒன்றில் தனியாகப் பிழைக்காது. இரண்டும் இணைந்த கலப்புசெல் மட்டுமே அந்த ஊடகத்தில் தாக்குப்பிடித்தது. ஒரு பெற்றோரிடமிருந்து எதிர்ப்பொருளையும் மற்றொன்றிடமிருந்து சாகாத தன்மையையும் பெற்ற அந்தச் செல்லுக்கு ஹைப்ரிடோமா என்று பின்னர் பெயர் வழங்கியது. ஒரே செல்லிலிருந்து பெருகிய கூட்டம் ஒரே வகை எதிர்ப்பொருளைச் சுரந்தது.

1974 கிறிஸ்துமஸ் சமயத்தில் ஒரு மாலை, சோதனைத் தட்டுகளைப் பார்க்கக் கோலர் தன் மனைவியையும் அழைத்துக்கொண்டு ஆய்வகத்தின் சாளரமற்ற அடித்தளத்துக்குச் சென்றார். ஒன்றும் கிடைக்காது என்றே நினைத்திருந்தார். தட்டில் ஆட்டின் சிவப்பணுக்கள் மெல்லிய சிவப்புப் படலமாகப் பரவியிருந்தன. எதிர்ப்பொருள் சுரக்கும் செல் இருந்தால் அதைச் சுற்றிச் சிவப்பணுக்கள் உடைந்து தெளிந்த வட்டம் விழும். அன்று தட்டு முழுவதும் வட்டங்கள் இருந்தன.

கண்டுபிடிப்பின் வணிக மதிப்பைப் பிரிட்டனின் தேசிய ஆராய்ச்சி வளர்ச்சிக் கழகம் உணரவில்லை, காப்புரிமை கோரப்படவில்லை. மில்ஸ்டீன் தன் செல்களைக் கேட்டவர்களுக்கெல்லாம் அனுப்பிவைத்தார். முறை உலகெங்கும் பரவியதற்கு அந்தத் தாராளமும் ஒரு காரணம். 1984இல் இருவரும் நீல்ஸ் யெர்னவோடு நோபல் பரிசைப் பகிர்ந்துகொண்டனர்.

பி53இன் பட்டை

ஒரு மனிதப் புரதத்தோடு எதிர்ப்பொருள் எவ்வளவு பின்னிப் பிணைந்திருக்க முடியும் என்பதற்கு பி53 நல்ல எடுத்துக்காட்டு. 1979இல் லண்டனில் டேவிட் லேனும் லயனல் கிராஃபோர்டும், அமெரிக்காவில் ஆர்னால்ட் லெவைன் குழுவும், வேறு சில குழுக்களும் ஏறக்குறைய ஒரே நேரத்தில் இதை அடையாளம் கண்டனர். குரங்கு வைரஸ் ஒன்றால் புற்றுகட்டி வந்த விலங்குகளின் சீரத்தைக் கொண்டு அந்த வைரஸின் புரதத்தைப் பிடித்திழுத்தபோது, கூடவே அறியாத புரதம் ஒன்றும் வந்தது. புரதங்களை அளவுவாரியாகப் பிரிக்கும் பாகுத்தட்டில் ஓடவிட்டபோது அதன் எடை 53,000 அளவில் தெரிந்ததால் அந்த எண்ணே பெயராயிற்று. 393 அமினோ அமிலங்கள் கொண்ட அந்தப் புரதத்தின் உண்மையான எடை 44,000ஐ ஒட்டியது என்பது பிறகுதான் தெரிந்தது. பழைய பெயர் மட்டும் நிலைத்துவிட்டது. மனிதப் புற்றுநோய்களில் ஏறத்தாழ பாதியில் இதன் மரபணு பழுதடைந்திருக்கிறது.

பி53ஐப் பிடிக்கும் எலி எதிர்ப்பொருள்கள் 1980களில் அடுத்தடுத்து வந்தன. 1992இல் பொரிவோய் வொய்டெஷெக், லேன் முதலியோர் அறிமுகம் செய்த டிஓ-1 அவற்றில் பெரிதும் புழங்குவது. புரதத்தின் தொடக்கத்தில், 20ஆவது அமினோ அமிலத்தை அடுத்துள்ள சிறு துண்டே அதன் இலக்கு. மனித பி53ஐப் பிடிக்கும் அது எலியின் பி53ஐப் பிடிக்காது. மாற்றமடைந்த பி53 புற்றுசெல்லில் சிதையாமல் குவிவதால், கட்டியின் மெல்லிய சீவலில் இத்தகைய எதிர்ப்பொருளைப் பூசி நொதியால் நிறமேற்றினால் செல்களின் உட்கருக்கள் பழுப்பாகத் தெரியும்.

ஆய்வகத்தில் அதைவிட வழக்கமான காட்சி வெஸ்டர்ன் பிளாட். 1979இல் பாசல் நகரில் ஹாரி டோபினும் கூட்டாளிகளும் வெளியிட்ட முறை இது. செல்களைக் கரைத்து, புரதங்களைப் பாகுத்தட்டில் மின்னோட்டத்தால் ஓடவிட்டால் சிறியவை வேகமாகவும் பெரியவை மெதுவாகவும் நகர்ந்து அளவுவாரியாகப் பிரியும். அவற்றை அப்படியே ஒரு படலத்துக்கு மாற்றி ஒற்றியெடுப்பர். படலத்தின் வெற்றிடங்களில் எதிர்ப்பொருள் கண்டபடி ஒட்டாமலிருக்கக் கொழுப்பு நீக்கிய பால்பவுடர் கரைசலில் ஊறவைப்பர். அதன்பின் எலி எதிர்ப்பொருள், அடுத்து அந்த எலி எதிர்ப்பொருளைப் பிடிக்கும், நொதி ஏற்றிய இரண்டாவது எதிர்ப்பொருள். கடைசியில் ஒளி உமிழும் கரைசலை ஊற்றினால் இலக்குப் புரதம் இருக்கும் இடத்தில் கருநிறப் பட்டை ஒன்று விழும். டிஎன்ஏவுக்கான ஒற்றுமுறை எட்வின் சதர்ன் பெயரால் வழங்கியது. ‘சதர்ன்’ என்றால் தெற்கு என்பதால் ஆர்என்ஏவுக்கானதை வடக்கு என்றார்கள். அந்த விளையாட்டைத் தொடர்ந்து 1981இல் சியாட்டிலைச் சேர்ந்த நீல் பர்னெட் புரத ஒற்றுக்கு மேற்கு என்று பெயரிட்டார்.

பட்டை ஒன்றே ஒன்றாக, எதிர்பார்த்த இடத்தில் விழுந்தால் ஆய்வாளருக்கு நிம்மதி. நான்கைந்து பட்டைகள் விழுந்தால் எதிர்ப்பொருள் வேறு புரதங்களையும் பிடிக்கிறது என்று பொருள். ஒரு பட்டை விழுந்தாலும் அதே எடையுள்ள வேறு புரதமாக இருக்கக்கூடும். வெஸ்டர்ன் பிளாட்டில் புரதம் மடிப்பவிழ்ந்து நீண்ட இழையாகக் கிடக்கிறது. உயிருள்ள செல்லில் அது மடிந்திருக்கிறது. ஃபார்மலினில் பதப்படுத்திய திசுவில் பக்கத்துப் புரதங்களோடு பிணைந்துகிடக்கிறது. ஆகவே ஒரு முறையில் நன்றாக வேலை செய்யும் எதிர்ப்பொருள் மற்றொன்றில் தோற்கலாம். ஃபார்மலின் பிணைப்பைத் தளர்த்தக் கண்ணாடிச் சில்லுகளை மைக்ரோவேவ் அடுப்பில் சூடாக்கும் வழி 1991இல்தான் வந்தது.

பட்டியல்களின் பெருக்கம்

1980களுக்கு முன் எதிர்ப்பொருள் வேண்டுமென்றால் ஆய்வாளர் தானே உருவாக்கவேண்டும். அல்லது உருவாக்கியவரிடம் கேட்டு வாங்கவேண்டும். ஹைப்ரிடோமா வந்தபின் அதை விற்கும் நிறுவனங்கள் முளைத்தன. மனித மரபணுத் தொகுதி வாசிக்கப்பட்டதும் ஒவ்வொரு மரபணுவின் புரதத்துக்கும் ஓர் எதிர்ப்பொருள் என்ற எண்ணம் சாத்தியமானது. 2003இல் ஸ்டாக்ஹோமில் மத்தியாஸ் ஊலேன் தலைமையில் தொடங்கிய மனிதப் புரத வரைபடத் திட்டம் அதைத் தன் இலக்காக்கிக்கொண்டது. ஒவ்வொரு புரதத்திலும் மற்றவற்றோடு ஒப்புமை குறைந்த ஒரு துண்டைத் தேர்ந்து, அதை முயலுக்குச் செலுத்தி, கிடைத்த எதிர்ப்பொருளை அதே துண்டைக் கொண்டு தூய்மைப்படுத்தினர். நூற்றுக்கணக்கான திசுச் சீவல்களில் அதைப் பூசிப் படமெடுத்தனர். படங்களைப் பார்த்துக் குறிப்பெழுதும் பணியில் மும்பையைச் சேர்ந்த நோய்க்குறியியல் மருத்துவர்களுக்குப் பெரும் பங்கு உண்டு. 2015இல் திசு வரைபடம் வெளியானபோது 24,000க்கு மேற்பட்ட எதிர்ப்பொருள்கள், ஏறத்தாழ 17,000 மரபணுக்களின் புரதங்கள், ஒரு கோடியே முப்பது லட்சம் படங்கள் அதில் இடம்பெற்றன.

சாட்சியின் மீது சந்தேகம்

விற்பனை பெருகிய வேகத்தில் சரிபார்ப்பு பெருகவில்லை. டொரன்டோவில் கணையப் புற்றுநோயின் அடையாளமாக கஸ்ட்1 என்ற புரதத்தை ஆராய்ந்த குழு ஒன்று, விலைக்கு வாங்கிய எலைசா சோதனைப்பெட்டியைக் கொண்டு நம்பிக்கையூட்டும் முடிவுகளைப் பெற்றது. இரண்டு ஆண்டுகளும் சுமார் ஐந்து லட்சம் டாலரும் செலவான பிறகு, பெட்டியிலிருந்த எதிர்ப்பொருள் பிடித்தது சிஏ125 என்ற வேறொரு புரதம் என்று தெரிந்தது. அந்தக் குழு தன் அனுபவத்தை 2014இல் வெளிப்படையாக எழுதியது. ஈஸ்ட்ரோஜன் ஏற்பி பீட்டாவின் கதையும் இதே போன்றது. 1996இல் கண்டறியப்பட்ட அந்தப் புரதம் மார்பகம் உட்படப் பல உறுப்புகளில் இருப்பதாக நூற்றுக்கணக்கான கட்டுரைகள் கூறின. 2017இல் ஸ்வீடன் ஆய்வாளர்கள் 13 எதிர்ப்பொருள்களைச் சோதித்தபோது ஒன்றே ஒன்றுதான் தேறியது. அதைக் கொண்டு பார்த்தபோது இயல்பான மார்பகத் திசுவிலும் பெரும்பாலான மார்பகப் புற்றிலும் அந்தப் புரதம் தென்படவில்லை.

2015 பிப்ரவரியில் ஆண்ட்ரூ பிராட்பரி, ஆண்ட்ரியாஸ் ப்ளூக்துன் ஆகியோரும் அவர்களோடு நூற்றுக்கு மேற்பட்ட அறிவியலாளர்களும் ‘நேச்சர்’ இதழில் ஓர் அறைகூவல் விடுத்தனர். எதிர்ப்பொருள்களுக்காக உலகில் ஆண்டுக்குச் செலவாகும் 160 கோடி டாலரில் பாதி, தரமற்றவற்றால் வீணாகிறது என்பது அவர்கள் மதிப்பீடு. எதிர்ப்பொருளைச் சுரக்கும் செல்லின் மரபணு வரிசையைப் படித்து, அந்த வரிசையிலிருந்தே மறுபடி மறுபடி உற்பத்தி செய்யவேண்டும் என்பது அவர்கள் முன்வைத்த தீர்வு. இதற்கான தொழில்நுட்பம் ஏற்கெனவே இருந்தது. 1990இல் கேம்பிரிட்ஜில் கிரெக் வின்டர் குழு, எதிர்ப்பொருளின் பிடிக்கும் பகுதியைப் பாக்டீரிய வைரஸின் மேற்பரப்பில் ஏற்றித் தேர்ந்தெடுக்கும் வழியைக் காட்டியிருந்தது. 2018இல் வின்டர் நோபல் பரிசில் பங்கு பெற்றார். வரிசை கையில் இருந்தால் ஹைப்ரிடோமா செல் இறந்தாலும் எதிர்ப்பொருள் அழியாது. புதிய விலங்கும் தேவையில்லை.

2016இல் ஊலேன் உள்ளிட்ட பன்னாட்டுக் குழு சரிபார்ப்புக்கு ஐந்து வழிகளை வகுத்தது. அவற்றில் மிகத் தெளிவானது மரபணு வழி: ஒரே செல்வகையின் இரண்டு கூட்டங்களை எடுத்து, ஒன்றில் இலக்குப் புரதத்தின் மரபணுவை நீக்கிவிட்டு, இரண்டையும் அருகருகே ஓடவிடுவது. மரபணு உள்ள வரிசையில் பட்டை விழுந்து, நீக்கிய வரிசையில் விழாவிட்டால் எதிர்ப்பொருள் தேறியது. இரண்டிலும் விழுந்தால் அது பிடிப்பது வேறெதையோ. கனடாவின் மான்ட்ரியலை மையமாகக் கொண்ட குழு ஒன்று இந்த வழியில் 65 மனிதப் புரதங்களுக்கான 614 எதிர்ப்பொருள்களைச் சோதித்து 2023இல் முடிவுகளை வெளியிட்டது. ஒவ்வொரு புரதத்துக்கும் சராசரியாக ஒரு டஜன் ஆய்வுக்கட்டுரைகள், இலக்கைப் பிடிக்காத எதிர்ப்பொருளைப் பயன்படுத்தியிருந்தன. மரபணு வரிசையிலிருந்து உற்பத்தியானவை எல்லா முறைகளிலும் மற்றவற்றைவிட நன்றாகத் தேறின. தேறாத சிலவற்றை உற்பத்தியாளர்களே விற்பனையிலிருந்து விலக்கினர். மேலும் பலவற்றின் பயன்பாட்டுக் குறிப்பைத் திருத்தினர்.

மரபணு நீக்கிய செல்லின் வெற்று வரிசை செய்யும் வேலையை, 1901இல் கிரைஃப்ஸ்வால்டில் மாட்டு இரத்தமும் குதிரை இரத்தமும் நின்ற தெளிந்த குழாய்கள் செய்தன. இடைப்பட்ட காலத்தில் கலங்கல் ஒளியாகவும் கதிரியக்கமாகவும் நிறமாகவும் பட்டையாகவும் மாறியது. முயலின் இடத்துக்குக் கலப்புசெல்லும், அதன் இடத்துக்கு மரபணு வரிசையும் வந்தன. இலக்கு இல்லாத இடத்தில் எதிர்ப்பொருள் வாய்திறக்காமல் இருக்கிறதா என்று பார்ப்பதே இன்றும் அதன் சாட்சியத்துக்கான சோதனை.